அணுமின் நிலையக் குழாய்கள் உள்ளுக்குள் மெலிவதை முன்கூட்டியே பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அணுமின் நிலையத்தில் உலோகம் கெட்டுப்போகிறது என்றால் எல்லோருக்கும் முதலில் ரியாக்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் சுவர் மெலிந்த குழாய் வெடித்து உயிர்கள் போன இரண்டு பெரிய விபத்துகளும் நடந்தது கதிரியக்கத்துக்குச் சம்பந்தமில்லாத டர்பைன் பக்கத்தில். 1986 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சர்ரி நிலையத்தின் இரண்டாம் அலகில் நீராவி ஆக்கத் தண்ணீர் அனுப்பும் 18 அங்குல ஊட்டுநீர்க் குழாயின் எல்போ (வளைவு) ஒன்று கிழிந்தது. எட்டுப் பேர் வெந்துபோனார்கள், அவர்களில் நான்கு பேர் பிழைக்கவில்லை. 2004 ஆகஸ்ட் 9 அன்று ஜப்பானின் மிஹாமா நிலையத்தில், மூன்றாம் அலகில் 56 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நீரோட்ட அரிப்பு. நிலையங்களில் இதை எஃப்ஏசி (ஃப்ளோ ஆக்சிலரேட்டட் கரோஷன்) என்பார்கள். கார்பன் ஸ்டீல் குழாயின் உட்சுவரில் மேக்னடைட் என்ற கருப்பு இரும்பு ஆக்சைடு படலம் இருக்கும். அதுதான் இரும்புக்குக் காவல். ஆக்சிஜன் நீக்கிய வெந்நீர் வேகமாக ஓடும்போது இந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த இடத்தை நிரப்ப அடியிலுள்ள இரும்பு புதிதாக ஆக்சைடாகும். அதுவும் கரையும். இப்படியே வருடக்கணக்கில் போனால் சுவர் தாள் போல் ஆகிவிடும். மணலோ தூசியோ உராய்ந்து தேய்ப்பது இல்லை இது. தண்ணீர் மிகச் சுத்தமாக இருப்பதே இதற்குத் தோது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதிது போலவே இருக்கும், சொட்டுக் கசிவுகூட முன்கூட்டி வராது. மெலிவு ஒரு பெரிய பரப்பில் பரவியிருப்பதால், போகும்போது ஒரேயடியாகத்தான் போகும்.

இந்தக் குழாய்களைக் கண்டுபிடித்து, அளந்து, மாற்றுவது வரையிலான வேலையைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன். பொறியியல் மாணவர்கள், நிலையப் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஆய்வு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதியது. அனல்மின் நிலையத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதல் படி: எது எதனால் கெடுகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாத் தேய்மானத்தையும் ஒரே பையில் போட்டால் ஆய்வு வீணாகும். ஒவ்வொன்றையும் தேடும் கருவி வேறு, இடம் வேறு.

உட்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாக, நீரோட்டத்தின் திசையில் அலையலையாக இருந்தால் அது வெறும் தண்ணீரில் நடந்த நீரோட்ட அரிப்பு. நீராவியும் தண்ணீரும் கலந்து ஓடும் குழாயில் கருப்பும் பளபளப்புமாகப் புலிவரி தெரியும். வால்வுக்கு அல்லது பம்புக்கு அடுத்தாற்போல் கடற்பஞ்சு மாதிரி சிதைந்திருந்தால் அது பெரும்பாலும் கேவிட்டேஷன், அதாவது நீர்க்குமிழிகள் சுவரருகே உடைந்து அடிப்பது. வேகமான ஈர நீராவி ஒரே இடத்தில் மோதித் துளை போட்டிருந்தால் அது துளி மோதல்.

ரியாக்டரின் வெப்பத்தால் நீராவி ஆக்கும் ஸ்டீம் ஜெனரேட்டர் குழாய்களின் கதை வேறு. அங்கே அதிர்வால் உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்கிறது. கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே நிலையம் மூன்றாம் அலகில் புதிதாகப் பொருத்திய ஸ்டீம் ஜெனரேட்டரில், ஒரு வருடம்கூட ஓடி முடிப்பதற்குள் 2012 ஜனவரி 31 அன்று குழாய் கசிந்தது. பக்கத்துப் பக்கத்துக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசியிருந்தன. அதற்குப் பிறகு அந்த நிலையம் மின்சாரமே தயாரிக்கவில்லை. 2013 ஜூனில் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். இதைப் பிடிக்க, ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தடிமன் காட்டும் அல்ட்ராசோனிக் மீட்டர் உதவாது, உலோகத்தில் மின்சுழல் உண்டாக்கிக் குறையைக் காட்டும் எடி கரண்ட் ப்ரோபைக் குழாய்க்குள் விட்டு இழுக்க வேண்டும்.

இன்னொன்று, ரியாக்டர் நீரில் கலந்திருக்கும் போரிக் அமிலம். ஒஹையோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் 2002 மார்ச்சில் ரியாக்டர் மூடியில் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். மூடியைத் துளைத்துச் செல்லும் நாசில் குழாயில் இருந்த விரிசல் வழியே கசிந்த போரிக் அமில நீர், ஆறு அங்குலத்துக்கும் அதிகமான எஃகை முழுசாகத் தின்றிருந்தது. உள்பக்கம் ஒட்டியிருந்த சுமார் ஒரு சென்டிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பூச்சு மட்டும்தான் ரியாக்டர் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. துருத்தூள் காற்று வடிகட்டிகளை அடைப்பது முன்பே தெரிந்திருந்தது. அங்கே கருவியைவிட, வெள்ளைப் படிவத்தையும் சிவப்புத் துருவையும் பார்த்து யோசிக்கிற கண்தான் தேவைப்பட்டது.

சரி, இனி நீரோட்ட அரிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: பட்டியல்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். மிஹாமாவில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகப் பார்த்தால் காரணம் புரியும்.

வெடித்த இடம் நான்காவது குறைந்த அழுத்த ஹீட்டருக்கும் டீஏரேட்டருக்கும் (தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை நீக்கும் கலன்) நடுவே, ஓட்டத்தை அளக்கும் ஆரிஃபிஸ் தட்டுக்குச் சற்றுத் தள்ளி. தண்ணீரின் வெப்பம் சுமார் 142 டிகிரி, அழுத்தம் சுமார் 0.93 மெகாபாஸ்கல். குழாய்ச் சுவர் முதலில் 10 மில்லிமீட்டர், விதிப்படி குறைந்தபட்சம் இருக்க வேண்டியது 4.7. வெடித்த பிறகு அளந்தபோது மெலிந்த இடத்தில் 1.5 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆரிஃபிஸுக்குப் பின்னால் அரிப்பு அதிகம் என்பது அப்போதே தெரிந்த விஷயம், நிலையத்தின் சொந்த விதியிலேயே அந்த வகை இடத்தை ஆய்வு செய்யச் சொல்லியிருந்தது. ஆனால் ஆய்வுப் பட்டியல் தயாரித்தபோது இந்த இடம் விட்டுப்போனது. 1976-இல் ஓடத் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட அங்கே யாரும் தடிமன் அளக்கவில்லை. பட்டியல் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றின் கைக்கு மாறியது. விட்டுப்போனது 2003-இல் ஆய்வு ஒப்பந்தக்காரர் கண்ணில் பட்டது. அடுத்த ஷட்டவுனில் (பராமரிப்பு நிறுத்தத்தில்) அளக்கலாம் என்று வைத்தார்கள். அந்த ஷட்டவுன் 2004 ஆகஸ்ட் 14-இல் தொடங்க வேண்டியது. ஐந்து நாள் முன்னால் குழாய் போய்விட்டது. ஷட்டவுனுக்குச் சாமான்கள் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் அந்த நேரம் டர்பைன் கட்டடத்தில் இருந்தார்கள்.

ஆகவே பட்டியலைப் பழைய பட்டியலிலிருந்து நகலெடுக்காதீர்கள். பைப்பிங் வரைபடத்தை விரித்து, டர்பைன் பக்கத்து எல்லா லைன்களையும் எழுதுங்கள். பிறகு, காரணத்தை எழுதிவைத்துக்கொண்டு, வேண்டாதவற்றை நீக்குங்கள். பொதுவாக நீக்கத்தக்கவை இவை: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது 1.25 சதவீதத்துக்குக் குறையாத குரோமியம் உள்ள குழாய்கள், ஈரமே இல்லாத சூடேறிய நீராவி போகும் குழாய்கள், ஆக்சிஜன் நிறையக் கரைந்த சுத்திகரிக்காத தண்ணீர் லைன்கள், சுமார் 93 டிகிரிக்குக் கீழே ஓடும் தண்ணீர் லைன்கள், வருடத்தில் இரண்டு சதவீத நேரத்துக்கும் குறைவாகவே பயன்படும் லைன்கள். கடைசி வகையில் ஏமாறக்கூடாது. எப்போதாவது திறப்பதாக வரைபடம் சொல்லும் பைபாஸ் வால்வு, உள்ளே கசிந்து வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கலாம். வால்வுக்குப் பின்னால் கையடக்க வெப்பமானியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் வரைபடத்தோடு லைன் நெடுக நடந்து பாருங்கள். ஆரிஃபிஸ், எல்போ, டீ (மூன்று வழி இணைப்பு), ரெட்யூசர் (விட்டம் குறையும் இணைப்பு), கட்டுப்பாட்டு வால்வு ஒவ்வொன்றும் தாளில் இருக்கிறதா, தாளில் இருப்பது தளத்தில் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் சரிபார்க்க வேண்டும். வேறொருவரும் தனியாக நடந்து சரிபார்த்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் படி: எதை முதலில் அளப்பது

பட்டியலில் ஆயிரக்கணக்கான இடங்கள் வந்துவிடும். ஒரு ஷட்டவுனில் அதில் சிறு பகுதியைத்தான் அளக்க முடியும். வரிசைப்படுத்த ஐந்து கேள்விகள் போதும்.

வெப்பம் எவ்வளவு? தண்ணீர் லைனில் 130 முதல் 150 டிகிரி வரை அரிப்பு உச்சத்தில் இருக்கும். நீராவி கலந்தால் உச்சம் இன்னும் மேலே, 180 பக்கம் போகும். தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) எவ்வளவு? ஆக்சிஜன் எவ்வளவு? ஓட்டம் எங்கே குழம்புகிறது? ஆரிஃபிஸுக்குப் பின், வால்வுக்குப் பின், இரண்டு எல்போக்கள் அடுத்தடுத்து வரும் இடம் எல்லாம் முதல் வரிசை.

ஐந்தாவது கேள்வி குரோமியம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏ106 கிரேடு பி என்ற சாதாரண கார்பன் ஸ்டீல் குழாயின் தரவிதி குரோமியத்துக்கு 0.40 சதவீதம் என்று உச்சவரம்புதான் வைத்திருக்கிறது, கீழ்வரம்பு இல்லை. குரோமியம் 0.1 சதவீதம் இருந்தாலே அரிப்பு வேகம் பெருமளவு குறைந்துவிடும். ஆகவே ஒரே சான்றிதழ், ஒரே லைன், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டுகள். ஒன்று பத்திரமாக இருக்கும், மற்றது பாதியாகியிருக்கும். எக்ஸ்-ரே துப்பாக்கி வைத்து உலோகக் கலவையைச் சில நொடியில் அளந்துவிடலாம். இன்சுலேஷன் கழற்றிய நாளிலேயே அதையும் எடுத்துவைப்பது புத்திசாலித்தனம்.

சர்ரி விபத்துக்குப் பிறகு அமெரிக்காவின் எப்ரி என்ற மின்சக்தி ஆய்வு நிறுவனம் இதற்கென்றே மென்பொருள் உருவாக்கியது. இன்று செக்வொர்க்ஸ் என்ற பெயரில் பல நாட்டு நிலையங்களில் ஓடுகிறது. நல்ல கருவிதான். ஆனால் நீங்கள் கொடுக்காத எல்போவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நான்காம் படி: அளப்பது

சாரம் கட்டி, இன்சுலேஷனைக் கழற்றி, பரப்பைச் சுத்தம் செய்து, குழாய்மேல் கட்டம் போடுங்கள். கட்டத்தின் இடைவெளி, விட்டத்தை 3.14-ஆல் (பை) பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்த அளவுக்குள் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய குழாயானாலும் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 56 சென்டிமீட்டர் குழாய்க்கு இது சுமார் 14.7 சென்டிமீட்டர் வரும், அதாவது சுற்றிலும் பன்னிரண்டு புள்ளிகள். ஆரிஃபிஸுக்குப் பிறகு குறைந்தது இரண்டு விட்ட நீளம் வரை கட்டத்தை நீட்டுங்கள். அடுத்த முறையும் அதே புள்ளியில்தான் ப்ரோபை வைக்க வேண்டும் என்பதால், தொடக்கப் புள்ளியையும் ஓட்டத் திசையையும் அழியாத மார்க்கரால் எழுதிப் படம் எடுத்து வையுங்கள்.

அல்ட்ராசோனிக் மீட்டர் பொய் சொல்லும் இடங்கள் சில உண்டு. அவற்றில் மூன்று ஆபத்தான பக்கத்தில் பொய் சொல்பவை.

குழாய் சூடாக இருந்தால் ஒலி உலோகத்தில் மெதுவாகப் போகும். மீட்டர் அதைத் தடிமன் என்று எடுத்துக்கொண்டு கூட்டிக் காட்டும். 55 டிகிரிக்குச் சுமார் ஒரு சதவீதம் என்று கணக்கு வைத்துத் திருத்த வேண்டும். பெயின்ட் மேல் வைத்து அளந்தால் பெயின்டின் தடிமன் இரண்டு மடங்குக்கு மேலாகவே கூடித் தெரியும். பெயின்டைச் சுரண்டுங்கள், அல்லது எதிரொலிக்கும் எதிரொலிக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கும் முறைக்கு மாற்றுங்கள். மூன்றாவதுதான் மோசமானது: சுவர் மிக மெல்லியதானால் மீட்டர் முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். 1.2 மில்லிமீட்டர் சுவர் 2.4 என்று காட்டும். பக்கத்துப் புள்ளிகளெல்லாம் இறங்கிக்கொண்டே வந்து ஒரு புள்ளியில் மட்டும் திடீரென்று ஏறினால், அங்கே அலைவடிவத்தைத் திரையில் பார்க்காமல் எண்ணை எழுதக்கூடாது.

நான்காவது ஒன்று இதற்கு நேர்மாறு. வெல்டிங் பக்கத்தில் குழாயைப் பொருத்துவதற்காக உட்பக்கத்தைக் கடைந்து மெலித்திருப்பார்கள். அது பிறக்கும்போதே இருந்த மெலிவு. அரிப்பு என்று எண்ணிப் பதறவும் வேண்டாம், பழைய வெல்டிங்தானே என்று எல்லா மெலிவையும் தள்ளிவிடவும் வேண்டாம். சுற்றிலும் ஒரே சீராக மெலிந்திருந்தால் கடைசல், ஒரு பக்கம் மட்டும் என்றால் சந்தேகப்படுங்கள்.

ஐந்தாம் படி: கணக்கு

தொடக்கத் தடிமன் தெரியாததுதான் இங்கே தலைவலி. 10 மில்லிமீட்டர் என்று எழுதி வந்த குழாய், தரவிதிப்படி 12.5 சதவீதம் வரை குறைந்தே வரலாம், அதாவது 8.75. அதிகமாகவும் வரலாம். ஆகவே புதுக் குழாய் போடும் அன்றே ஒருமுறை அளந்துவைத்தால் பின்னால் வருகிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

மிஹாமா எண்களை வைத்து ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்தக் குழாய் ஓடியது சுமார் 1,85,700 மணி நேரம். 10 மில்லிமீட்டரில் தொடங்கி 1.4-க்கு வந்தது என்று வைத்துக்கொண்டால் போனது 8.6. ஆயிரம் மணிக்கு 0.046 மில்லிமீட்டர், முழு வருடம் ஓடினால் 0.4. பார்த்தால் அற்பம். ஆனால் 4.7-ஐத் தொட 5.3 மில்லிமீட்டர் கரைந்தால் போதும், அதற்குச் சுமார் 1,15,000 மணி நேரம் ஆகும். நிலையம் ஓடிய சராசரியில் அது ஏறக்குறைய 17 வருடம். அதாவது 1990-களின் நடுவிலிருந்தே, வெடிப்பதற்குப் பத்து வருடம் முன்பே, அந்தக் குழாய் விதிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு அளவு எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

சுவரில் இழுவிசை எப்படி ஏறுகிறது என்பதையும் பாருங்கள். அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது அது. 10 மில்லிமீட்டரில் 26 மெகாபாஸ்கல்தான் வரும், எஃகுக்கு அது ஒரு சுமையே இல்லை. 1.4-இல் 186. குறைந்த அழுத்த லைன்தானே என்கிற அலட்சியம் இந்த முதல் எண்ணிலிருந்துதான் வருகிறது.

மிச்ச ஆயுளுக்கு: அளந்த தடிமனிலிருந்து குறைந்தபட்சத் தடிமனைக் கழித்து, வருடத் தேய்மானத்தால் வகுங்கள். தேய்மானத்தை 1.1-ஆல் பெருக்கிவைப்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு. அளந்தது 6.2, தேவை 4.7, தேய்மானம் வருடம் 0.4 என்றால் 1.5-ஐ 0.44-ஆல் வகுக்க 3.4 வருடம். ஒன்றரை வருடத்துக்கு ஒரு ஷட்டவுன் என்றால் இன்னும் இரண்டு சுற்று ஓடலாம், மூன்றாவது சுற்றுக்கு அனுமதி இல்லை. நானாக இருந்தால் அடுத்த ஷட்டவுனிலேயே மறுபடி அளந்துவிடுவேன். ஒரே ஒரு அளவை வைத்துப் போட்ட தேய்மான வேகத்தை அவ்வளவு நம்ப முடியாது.

ஆறாம் படி: ஒன்று மெலிந்திருந்தால் அதன் உறவுகளையும் பாருங்கள்

ஒரு எல்போ எதிர்பார்த்ததைவிட மெலிந்திருந்தால் வேலை அங்கே முடியாது. மேலும் கீழும் இரண்டு விட்ட நீளம், அதே லைனில் அதேபோன்ற அடுத்த உறுப்பு, இணையாக ஓடும் மற்ற லைன்களில் அதே இடம் என்று விரித்துக்கொண்டே போக வேண்டும். மெலிவு எங்கே நிற்கிறதோ அங்கேதான் நிறுத்தலாம். மிஹாமாவில் வெடித்தது ஏ லூப் எனப்படும் லைன். அதன் இணையான பி லூப்பும் மோசமாக மெலிந்திருந்தது.

நிலையத்துக்கு நிலையமும் இப்படித்தான். 2006-இல் குஜராத்தின் காக்ராபார் இரண்டாம் அலகில் ஒரு சிறிய ஊட்டுநீர் லைன் இதே காரணத்தால் உடைந்தது, அதுவும் ஓட்டம் அளக்கும் உறுப்புக்கு அடுத்த இடத்தில். மிஹாமா முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

ஏழாம் படி: தண்ணீரைச் சரிசெய்வது

குழாயை மாற்றுவதைவிடத் தண்ணீரை மாற்றுவது மலிவு. 25 டிகிரியில் அளந்த பிஎச் 9-லிருந்து 9.6-க்கு மேல் போனால் அரிப்பு கணிசமாகக் குறையும். ஆனால் கண்டென்சரில் பித்தளைக் குழாய்கள் இருந்தால் பிஎச்சை உயர்த்தச் சேர்க்கும் அமோனியாவை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, அது செம்பைத் தின்னும். அமோனியாவுக்கு இன்னொரு குறையும் உண்டு: அது நீராவியோடு போய்விடும், ஈரமாகச் சுவரில் ஒட்டி ஓடும் தண்ணீருக்குப் பாதுகாப்பு கிடைக்காது. அதனால்தான் பல நிலையங்கள் எத்தனால் அமைன், மார்ஃபோலின் என்ற வேறு காரங்களின் பக்கம் போயின.

ஆக்சிஜனில் ஒரு முரண் இருக்கிறது. ஸ்டீம் ஜெனரேட்டருக்காக ஹைட்ரசின் ஊற்றி ஆக்சிஜனைத் துடைத்தெடுக்கிறோம். அந்தத் தண்ணீர்தான் கார்பன் ஸ்டீலைக் கரைக்கிறது. கொதிநீர் ரியாக்டர்களில் ஊட்டுநீரில் வேண்டுமென்றே நூறு கோடியில் சில பத்துப் பங்கு ஆக்சிஜன் சேர்ப்பது இதற்காகத்தான்.

கல்பாக்கம் மாதிரியான கனநீர் ரியாக்டரில் இந்த அரிப்பு ரியாக்டர் பக்கத்துக்கே வந்துவிடுகிறது. அங்கே 306 குளிர்விப்புக் குழல்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று கார்பன் ஸ்டீல் ஃபீடர் குழாய்கள். ரியாக்டருக்குள் சூடாகும் கனநீரால் இன்னும் அதிக இரும்பைக் கரைக்க முடியும். வெளியே வந்ததும் அது ஃபீடரின் வளைவிலிருந்து இரும்பை எடுத்துக்கொள்கிறது. கனடாவின் பாயின்ட் லெப்ரோவில் 1990-களின் நடுவில் இது தெரியவந்த பிறகு, லித்தியம் ஹைட்ராக்சைடால் காக்கும் பிஎச் அளவை இதன் பொருட்டுக் குறுக்கிப் பிடித்தார்கள், புது ஃபீடர்களுக்குக் குரோமியத்துக்குக் கீழ்வரம்பும் வைத்தார்கள். கல்பாக்கம் முதல் அலகில் 2003-இல் தொடங்கிய நீண்ட நிறுத்தத்தின்போது குளிர்விப்புக் குழல்களோடு ஃபீடர்களையும் ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள்.

எட்டாம் படி: மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

மெலிந்த கார்பன் ஸ்டீலுக்குப் பதில் மறுபடி கார்பன் ஸ்டீலே போட்டால் கடிகாரத்தைத் திருப்பி வைத்த கதைதான். 1.25 அல்லது 2.25 சதவீதக் குரோமியம் உள்ள பி11, பி22 குழாய்கள் இந்த அரிப்பை ஏறக்குறைய நிறுத்திவிடும். வெல்டிங்குக்கு முன் சூடாக்கும் வேலை கூடும்.

ஆனால் புது உலோகம் முடிந்து பழைய கார்பன் ஸ்டீல் தொடங்கும் இடத்தில் ஒரு வினை காத்திருக்கிறது. இரும்பே கரையாமல் வரும் தண்ணீர் அந்த விளிம்பில் முதல் கார்பன் ஸ்டீலைச் சந்திக்கிறது. அங்கே முன்பைவிட வேகமாக அரிக்கும். எல்போவை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த நேர்க்குழாயை அப்படியே விட்ட பல இடங்களில் இது நடந்திருக்கிறது. ஓட்டத்தின் திசையில் கொஞ்சம் நீட்டி மாற்றுங்கள், புது இணைப்புக்குக் கீழே உள்ள பகுதியை உடனே பட்டியலில் சேர்த்து எண் கொடுங்கள்.

ஷட்டவுன் தொடங்கும் முன் ஆட்களை டர்பைன் கட்டடத்துக்குள் விடுவதற்கும் விதி வேண்டும். இதுவரை அளக்காத சூடான லைன்களுக்கு அருகில் சாமான் அடுக்கவோ உட்காரவோ விடாதீர்கள். சர்ரியில் பீறிட்ட தண்ணீரும் நீராவியும் கதவு திறக்கும் அட்டைக் கருவியை நனைத்துச் செயலிழக்க வைத்தன, தீயணைப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் புகுந்து தீயணைப்பு வாயுக்களான கார்பன் டை ஆக்சைடையும் ஹேலோனையும் தானாகத் திறந்துவிட்டன. தப்பிக்கும் வழியைத் திட்டமிடுகிறவர்கள் இந்த மாதிரித் தொடர்வினைகளையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வெட்டியெடுத்த பழைய குழாயை உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, கடைசி அல்ட்ராசோனிக் ரீடிங் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் ஆய்வுக்குழு எந்த இடத்தில் எவ்வளவு தவறுகிறது என்பது அப்போது தெரியும். அந்த வித்தியாசத்தை அடுத்த ஷட்டவுன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.